கலைச்சொல் விவாதம்: ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பாகத்துக்கு என்ன பெயர்?

மடல் 1. கோவை உறுப்பினர்

குழுவினருக்கு வணக்கம்.

பேரளவு மாதிரி ரயில்களைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். தண்டவாளம், சக்கரம், மின்னோட்டம் பற்றிய பகுதிகளை முடித்துவிட்டேன். என்ஜினோடு வரும் கப்ளரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது எப்படி என்ற பகுதியில்தான் எழுத்து நகர மறுக்கிறது. அந்தப் பாகத்துக்குத் தமிழில் பெயர்கள் பல இருக்கின்றன. எதை எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே வேறொரு பாகத்தின் பெயரோடு மோதிக்கொள்கிறது.

இந்தக் கலையை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இருந்த லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் 45 மி.மீ. அகலப் பாதையில் ஓடும் ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மீட்டர் பாதையை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய அந்த அகலம் வரும். தோட்டத்து மண்ணிலும் மழையிலும் தாங்கும் ரயில்கள் அவை. பிறகு வந்த நிறுவனங்கள் அதே 45 மி.மீ. பாதையில் 1:32, 1:29, 1:20.3 என்று வெவ்வேறு அளவு வண்டிகளை ஓடவிட்டன. இப்படிப் பாதை ஒன்றாகவும் வண்டிகளின் அளவு பலவாகவும் ஆகிவிட்டதால், ஒருவர் வீட்டு என்ஜின் இன்னொருவர் வீட்டுப் பெட்டியோடு சேராமல் போவது வாடிக்கை.

எல்.ஜி.பி. வண்டிகளில் இருக்கும் கப்ளர் எளிமையானது. முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வளையம், அதன் கீழே வில்லின் விசையால் மேலெழுந்து நிற்கும் ஒரு கொக்கி. இரண்டு வண்டிகளை மெல்ல மோதவிட்டால், ஒன்றின் வளையம் மற்றதன் கொக்கியைக் கீழே அழுத்தித் தாண்டும். தாண்டியவுடன் கொக்கி எழும்பி வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். 600 மி.மீ. ஆரம் கொண்ட இறுக்கமான வளைவிலும் பிடியை விடாது. உழைப்பில் குறை சொல்ல முடியாத அமைப்பு. ஆனால் அமெரிக்க ரயிலின் மாதிரியை ஓட்டுகிறவர்களுக்கு அதன் தோற்றம் உறுத்துகிறது. அந்நாட்டு ரயில்களில் இருப்பது மடக்கிய விரலைப் போன்ற உருவம். ஆகவே கொக்கியையும் வளையத்தையும் கழற்றிவிட்டு, விரல் வடிவக் கப்ளரைப் பொருத்துகிறார்கள். ஓரிகன் மாநிலத்தின் வைட் சிட்டியில் இயங்கும் கேடி நிறுவனத்தின் தயாரிப்புகள் இதில் பெயர் பெற்றவை. கீத், டேல் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயர்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். செய்தித்தாள்கள் ‘இணைப்புக் கொக்கி உடைந்து பெட்டிகள் தனியே கழன்றன’ என்று எழுதுகின்றன. அதைப் பின்பற்றிக் கப்ளரைக் கொக்கி என்றால், என் கையேட்டின் முதல் கட்டளை ‘கொக்கியில் இருக்கும் கொக்கியைக் கழற்றிவிட்டு, கொக்கி இல்லாத கொக்கியைப் பொருத்துங்கள்’ என்று அமையும். இணைப்பி என்றால், என்ஜினுக்கும் அதன் பின்னால் வரும் கரிவண்டிக்கும் நடுவே ஓடும் மின்கம்பியின் செருகிக்கு என்ன பெயர் வைப்பது? அதையும் இணைப்பி என்றே நம் மின்னணுவியல் நூல்கள் எழுதுகின்றன. பேரளவு என்ஜின்கள் பலவற்றில் இந்த இரண்டும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று இருக்கின்றன. ‘இணைப்பியைப் பிடித்து இழுங்கள்’ என்று எழுதினால் வாசகர் எதை இழுப்பார்? மெல்லிய கம்பி அறுந்து போகும்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மடல் 2. பணி ஓய்வு பெற்ற ரயில்வே உறுப்பினர், சென்னை

வணக்கம்.

பணிமனையில் நாங்கள் வைத்திருந்த சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வகைப் பெட்டிகளில் இருப்பது திருகு வகை. அதைக் கப்ளிங் என்போம். ஒரு பெட்டியின் கொக்கியில் மற்றப் பெட்டியின் வளையத்தை மாட்டி, நடுவில் இருக்கும் திருகை முறுக்கி இறுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஓர் ஆள் குனிந்து இரண்டு பெட்டிகளுக்கும் இடையே நுழைந்தே ஆக வேண்டும். இருபுறமும் மோதலைத் தாங்கும் பஃபர்கள். வண்டி ஓர் அடி நகர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. ஜெர்மன் வடிவமைப்பில் வந்த புதிய எல்.எச்.பி. பெட்டிகளில் இருப்பது விரல் வகை. அதைச் சி.பி.சி. (சென்டர் பஃபர் கப்ளர்) என்ற மூன்றெழுத்தால்தான் அழைப்பார்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தன் பழைய வகைப் பெட்டி தயாரிப்பை 2018-இல் நிறுத்திவிட்டு முழுக்க எல்.எச்.பி.க்கு மாறியது. ஆகவே இனி வரும் தலைமுறைக்குச் சி.பி.சி. தான் பழக்கமான பொருளாக இருக்கும்.

இரண்டு வகையும் ஒரே பாதையில் ஓடும் காலத்தில் என்ஜின் இரண்டோடும் சேர்ந்தாக வேண்டும். அதனால் நம் என்ஜின்கள் பலவற்றில் சி.பி.சி. தலையோடு திருகுக் கப்ளிங்கும் தொங்கும், பக்கத்தில் பஃபர்களும் இருக்கும். கோவை நண்பர் எழுதும் மாற்றுவேலையை இந்திய ரயில்வே பெரிய உருவத்தில் செய்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து: கப்ளர் என்றே எழுதிவிடலாம். பஸ், டிக்கெட், என்ஜின் எல்லாம் தமிழாகிவிட்டன, இதுவும் ஆகட்டும். ஆனால் வினைச்சொல்லை மாற்றாதீர்கள். ரயில்வேயில் யாரும் ‘கப்ளர் செய்வது’ என்று சொல்வதில்லை. ‘என்ஜினை மாட்டு’, ‘என்ஜினைக் கழற்று’ என்பதுதான் பேச்சு. நிலைய அறிவிப்பில் ‘கூடுதல் பெட்டிகள் இணைக்கப்படும்’ என்று வரும், அவ்வளவே.

மடல் 3. தமிழாசிரியர், மதுரை

அன்புடையீர்,

கப்ளர் என்று வைத்துக்கொண்டால் இன்றைய வேலை முடியும். நாளைக்கு அதன் உறுப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எடுக்க வேண்டிவரும். ஒரு வேர்ச்சொல் தமிழில் கிடைத்தால் குடும்பமே கிடைக்கும்.

‘பூட்டு’ என்ற வினையை முன்மொழிகிறேன். ஏர் பூட்டினான், வண்டி பூட்டினான், நுகத்தில் காளையைப் பூட்டினான் என்று இழுக்கும் ஒன்றையும் இழுபடும் ஒன்றையும் சேர்ப்பதற்கு நாம் காலங்காலமாக வைத்திருக்கும் சொல் அதுதான். எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது: வண்டியை அவிழ்த்தான். ஆகவே கப்ளருக்குப் ‘பூட்டி’ அல்லது ‘பெட்டிப்பூட்டு’. என்ஜினுக்கும் கரிவண்டிக்கும் நடுவே இருக்கும் நிரந்தரக் கம்பிக்கு ‘நுகம்’ என்று கூடச் சொல்லலாம்.

மடல் 4. யாழ்ப்பாண உறுப்பினர்

ஐயா, வணக்கம்.

எங்கள் ஊரில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லை இங்கே வைக்கிறேன்: கொளுவு. சட்டையை ஆணியில் கொளுவு, சங்கிலியைக் கொளுவு, வாளியைக் கயிற்றில் கொளுவு என்போம். ஒன்றை மற்றொன்றில் பிடிக்கும்படி மாட்டுவது என்பதே பொருள். கொக்கிக்குக் கொளுக்கி என்று பெயர். இரண்டும் அகராதியில் இருக்கும் பழைய சொற்கள்தான், எங்கள் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல. ‘கொள்’ என்ற அடியோடு உறவுடைய சொல் இது. பிடித்துக்கொள்வது என்ற கருத்து அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் கப்ளருக்குக் ‘கொளுவி’ எனலாமா? இரண்டு விடயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரிகைகளில் பலர் இதைக் ‘கொழுவு’ என்று எழுதுவார்கள். கலைச்சொல்லாக வைத்தால் அகராதிப்படி ளகரத்தையே வைக்க வேண்டும். அடுத்து, கொளுவல் என்றால் எங்கள் பேச்சில் சண்டை என்றும் பொருள் உண்டு. அதனால் செயலைக் குறிக்கக் கொளுவல் வேண்டாம், கொளுவுதல் என்றே வைக்கலாம்.

மடல் 5. கோவை உறுப்பினர்

மூவருக்கும் நன்றி. இந்த விவாதத்தில் எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். அகராதிப் பட்டியலில் அழகாக இருக்கும் சொல் எனக்குப் போதாது. திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை என்ஜின் மேலும் கையேட்டின் மேலும் மாற்றி மாற்றி வைக்கும் ஒருவர் தடுமாறாமல் வேலையை முடிக்க அந்தச் சொல் உதவ வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் வைத்துப் பொருத்தும் முறையை முழுவதும் எழுதிப் பார்த்தேன்.

தமிழாசிரியர் ஐயாவின் ‘பூட்டு’ மிகவும் பிடித்திருந்தது. வேலையின் நடுவில் அது மாட்டிக்கொண்டது. உண்மையான விரல் வகைக் கப்ளரில் விரல் மூடியதும் அதைத் திறக்காமல் பிடித்துவைக்க உள்ளே ஓர் இரும்புத் துண்டு விழும். அதுதான் அதன் பூட்டு. வெளியே இருக்கும் நெம்புகோலைத் தூக்கினால் அந்தத் துண்டு எழும்பி விரல் திறக்கும். முழு அமைப்பையும் பூட்டி என்றால், ‘பூட்டியின் பூட்டைத் திற’ என்று எழுத வேண்டிவரும். அந்தச் சொல்லை அந்த இரும்புத் துண்டுக்கே விட்டுவிடலாம், அங்கே அது மிகப் பொருத்தமாக உட்காருகிறது. ‘நுகம்’ என்பதை நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். என்ஜினுக்கும் கரிவண்டிக்கும் நடுவே உள்ள கம்பிக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது.

கப்ளர் என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற சென்னை ஐயாவின் கருத்தைப் பேச்சுக்கு ஏற்கிறேன். எழுத்தில் அது தனியாக நிற்கிறதே தவிர, அதிலிருந்து வினை பிறப்பதில்லை. ‘மாட்டு’ என்ற வினையையே பெயராக்கி ‘மாட்டி’ என்றாலும், துணி மாட்டும் பொருளைத்தான் அது நினைவூட்டுகிறது.

கொளுவியை வைத்து எழுதியபோது எங்கும் கை நிற்கவில்லை. பாருங்கள்:

‘மேசையில் துணி விரித்து என்ஜினைக் கவிழ்த்து வையுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி வளையக் கொளுவியைத் தண்டின் அடியில் பிடித்திருக்கும் திருகாணியைக் கழற்றி, கொளுவியை வில்லோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். திருகாணியையும் வில்லையும் ஒரு சிறு டப்பாவில் போட்டு வையுங்கள், என்ஜினை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.

புதிய விரற்கொளுவி ஒரு சிறிய கூட்டுக்குள் அசையும்படி வருகிறது. கொளுவியின் தண்டு பக்கவாட்டில் ஆடி, கையை எடுத்தால் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். கூட்டின் விளிம்பில் அச்சுப் பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்து எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தோட்டத்து மண் ஒட்டிக்கொண்டு தண்டு இறுகிவிடும். காரீயகத் (கிராஃபைட்) தூளைச் சிறிது தூவினால் போதும்.

கூட்டை என்ஜினின் முகப்புக் கட்டைக்கு அடியில் வைத்து, அளவுக்கட்டையைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். கொளுவி தாழ்ந்திருந்தால் கூட்டை உயர்த்த வேண்டும். உயர்ந்திருந்தால் நடுவில் தகடு வைக்க வேண்டும். தகடு வைத்தும் சரிவராத என்ஜின்களுக்குத் தண்டு மேலேயோ கீழேயோ வளைந்த வகைக் கொளுவியை வாங்குங்கள்.’

உயரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் பிறக்கின்றன. அமெரிக்கத் தர அகலப் பாதை (ஸ்டாண்டர்ட் கேஜ்) வண்டிகளில் கப்ளரின் நடுக்கோடு தண்டவாளத்துக்கு மேலே அதிகபட்சம் 34.5 அங்குலம். அதை 1:32 அளவில் சுருக்கினால் ஏறக்குறைய 27 மி.மீ. வரும். 1:29 அளவில் சுருக்கினால் 30 மி.மீ. இரண்டும் ஒரே பாதையில் ஓடும் வண்டிகள்தான், ஆனால் கொளுவிகள் 3 மி.மீ. ஏறி இறங்கி நிற்கும். சமதளத்தில் பிடிக்கும். பாதை மேடேறும் இடத்தில் ஒரு விரல் மற்ற விரலுக்கு மேலே நழுவி, பெட்டிகள் பின்னோக்கி உருண்டு போகும். குறும்பாதை ரயில்களின் மாதிரிகளில் கணக்கு இன்னும் மாறும். அதனால்தான் கேடி இரண்டு உருவங்களில் கொளுவி விற்கிறது. 1:32 அளவுக்கு உரிய சிறியது 820 என்ற எண் வரிசையில் வரும். அதைவிடப் பெரியது 830. ஒரே வீட்டில் இரண்டையும் கலந்தால் பிடிக்கும், ஆனால் நம்பிப் பெரிய ரயிலை இழுக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா வண்டிகளுக்கும் அதையே பொருத்துவது நல்லது.

இனி, எங்கே பொருத்துவது என்ற கேள்வி. பெட்டிகளில் கொளுவியை வண்டியின் உடலிலேயே திருகலாம், அல்லது அடியில் திரும்பும் சக்கரச் சட்டகத்தில் திருகலாம். சக்கரச் சட்டகத்தை ரயில்வேயில் போகி என்பார்கள். நம் பேச்சில் போகி என்றால் முழுப் பெட்டியையும் குறிக்கிறது. ஆகவே கையேட்டில் அந்தச் சொல்லை அறவே தவிர்த்துவிட்டேன். சட்டகத்தில் பொருத்தினால் வளைவில் கொளுவியும் பாதையோடு சேர்ந்து திரும்பும், இறுக்கமான வளைவுக்கு அது வசதி. ஆனால் ரயிலைப் பின்னோக்கித் தள்ளும்போது தள்ளும் விசை முழுவதும் சக்கரச் சட்டகத்தின் மேல் விழுந்து, அதைக் கோணலாகத் திருப்பித் தண்டவாளத்திலிருந்து இறக்கிவிடும். உடலில் பொருத்தினால் தள்ளுவது சுகம். ஆனால் நீளமான பெட்டி வளைவில் ஓரமாகத் துருத்தும்போது கொளுவி பக்கத்துப் பெட்டியை இழுத்துக் கவிழ்க்கும். என்ஜினிலும் இதே நிலைதான். முன்பக்கம் சிறு சக்கரங்கள் உள்ள என்ஜினில் கூட்டைத் திருகிய பிறகு, வளைவில் வைத்து அந்தச் சக்கரங்கள் கூட்டில் இடிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குட்டை என்ஜின்களில் இந்தத் தொல்லை இல்லை. எல்.ஜி.பி.யின் பெயர் பெற்ற நாற்சக்கர என்ஜினான ஷ்டைன்ஸ் போன்றவற்றில் துருத்தும் நீளமே மிகக் குறைவு.

முழு ரயிலையும் ஒரே நாளில் மாற்ற முடியாதவர்கள் ஒரு பெட்டியின் ஒரு முனையில் கொக்கி வளையத்தையும் மறுமுனையில் விரலையும் வைத்து ஓட்டுகிறார்கள். சென்னை ஐயா சொன்ன இரட்டைக் கப்ளர் என்ஜின் செய்யும் வேலையும் அதுதான். கையேட்டில் அதற்கு ‘இடைவண்டி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஜப்பான் 1925 ஜூலையில் தன் ரயில்களின் கப்ளர்களை முன்கூட்டியே திட்டமிட்டு ஒரே மூச்சில் மாற்றியது. அந்தத் துணிவும் ஆள்பலமும் நம் வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையில்லை.

ஆக என் பரிந்துரை: பொதுப்பெயர் கொளுவி. வகைகள் கொக்கி வளையக் கொளுவி, திருகுக் கொளுவி, விரற்கொளுவி. செயல் கொளுவுதல், எதிர்ச்செயல் கழற்றுதல். கொளுவி தங்கும் கூட்டுக்கு ‘இழுவைக்கூடு’. அதைப் பெட்டி என்றால் ரயில் பெட்டியோடு குழம்பும்.

மடல் 6. தமிழாசிரியர், மதுரை

பூட்டியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உள்ளே விழும் துண்டுக்கு அது போய்ச் சேர்ந்ததில் எனக்கு நிறைவு.

கொளுவியில் ஒரு தயக்கம் உண்டு. தமிழ்நாட்டு வாசகர் இதைக் கொளுத்தி என்று தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. மற்றபடி சொல்லின் ஆக்கம் சரியானது. வினையடியோடு ‘இ’ சேர்த்துக் கருவிப்பெயர் ஆக்குவது நம் கலைச்சொல் மரபில் ஊன்றிவிட்டது. இயக்கி, தாங்கி எல்லாம் அப்படி வந்தவையே.

விரற்கொளுவி என்பதற்கு மாற்றாகக் ‘கணுக்கொளுவி’ என்று கேட்கிறேன். ‘நக்கிள்’ என்ற ஆங்கிலச் சொல் விரலின் கணுவைத்தானே குறிக்கிறது?

மடல் 7. பணி ஓய்வு பெற்ற ரயில்வே உறுப்பினர், சென்னை

ஆசிரியர் ஐயாவுக்கு: கணு வேண்டாம் என்பது என் கருத்து. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால், பிடிப்பது கணு அல்ல, மடங்கிய விரல் முழுவதும். ஒரு பக்கம் அசையாத தலை, மறுபக்கம் கீலில் திரும்பும் விரல். எதிர் வண்டியிலும் அதே அமைப்பு. இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி ஒன்றில் ஒன்றைக் கோத்தால் அதன் வேலை புரிந்துவிடும். கற்றுக்கொடுக்கும்போது எங்கள் பணிமனையிலும் கையைத்தான் காட்டுவார்கள்.

அந்த விரல் எப்படி வந்தது என்பதையும் கையேட்டில் சேருங்கள். அமெரிக்காவில் முன்பு இருந்தது வளையமும் முளையும். வண்டி நெருங்கி வரும்போது ஊழியர் வளையத்தைக் கையால் பிடித்து வழிகாட்டி, முளையைச் செருக வேண்டும். விரல்களை இழந்தவர்கள், உயிரையே இழந்தவர்கள் ஏராளம். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஜானி 1873-இல் விரல் வகைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகும் கம்பெனிகள் செலவைக் காட்டித் தயங்கிக்கொண்டே இருந்தன. 1893-இல் பாதுகாப்புச் சாதனச் சட்டம் வந்த பிறகுதான் மாறின. மோதும்போது தானே கொளுவ வேண்டும், கழற்றுவதற்கு ஆள் நடுவே நுழையத் தேவையிருக்கக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். ஊழியரின் விரலைக் காப்பாற்றிய இரும்பு விரல் அது. விரற்கொளுவி என்ற பெயரை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

இழுவைக்கூடு பற்றி ஒரு திருத்தம். உண்மையான வண்டியில் அந்த இடத்தில் இருப்பது வெறும் கூடு அல்ல. இழுக்கும்போதும் மோதும்போதும் வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு அது. அதற்கு ‘அதிர்வுதாங்கி’ என்று தனியாகப் பெயர் இருக்கட்டும். மாதிரி ரயிலில் ஒரு சிறு வில் மட்டும் உள்ள பாகத்துக்கு இழுவைக்கூடு சரி. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

பேச்சில் நான் கப்ளர் என்றுதான் சொல்வேன். எழுத்தில் கொளுவி வரட்டும். ஒரு வேண்டுகோள்: ரஷ்யாவின் எஸ்.ஏ.-3 போன்ற கப்ளர்களில் கீலில் திரும்பும் விரல் கிடையாது. அவற்றையும் யாராவது விரற்கொளுவி என்று எழுதிவிடாதபடி ‘தானியங்கிக் கொளுவி’ என்ற பொதுப்பெயரை நடுவில் வையுங்கள். விரற்கொளுவி அதில் ஒரு வகை.

மடல் 8. யாழ்ப்பாண உறுப்பினர்

ஐயா சொன்ன வகைப்பாடு நன்றாக இருக்கிறது. ஒரு பாகம் விடுபட்டுப்போனது. கேடி கொளுவியின் தலைக்கு அடியில் வளைந்து தொங்கும் ஒரு கம்பி உண்டு அல்லவா? காற்றுக்குழாய் போலத் தோன்றுவது. அதற்கு என்ன பெயர்?

மடல் 9. கோவை உறுப்பினர்

சென்னை ஐயாவின் இரண்டு திருத்தங்களையும் சேர்த்துவிட்டேன். கணுவைப் பற்றி ஆசிரியர் ஐயா மறுப்புச் சொல்லாவிட்டால் விரற்கொளுவியே நிற்கட்டும். கொளுத்தியோடு குழம்பும் என்ற அச்சத்துக்கு என் விடை: கையேட்டில் இந்தச் சொல் முதல் பக்கத்திலேயே படத்தோடு வருகிறது, அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. கண் பழகிவிடும்.

யாழ்ப்பாண அம்மா கேட்ட கம்பி முக்கியமானது. பார்க்கக் காற்றுக்குழாய், வேலை வேறு. அது இரும்பு. பாதையின் நடுவே பதித்த காந்தத்துக்கு மேலே இரண்டு கொளுவிகளும் தளர்ந்து நிற்கும்போது, காந்தம் இரண்டு கம்பிகளையும் எதிரெதிர்ப் பக்கமாக இழுக்கும், விரல்கள் திறந்துகொள்ளும். என்ஜினை முன்னே எடுத்தால் பெட்டி தனியே நின்றுவிடும். அந்தத் திறந்த நிலையிலேயே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் விரும்பிய இடத்தில் விட்டுவிட்டும் வரலாம். அங்கே மீண்டும் கொளுவிக்கொள்ளாது. சட்டம் கேட்டபடி, கை நடுவே போகாமல் கழற்றும் வழி இது.

அதனால் ‘கழற்றுகம்பி’ என்று வைக்கிறேன். ‘காந்தக்கம்பி’ என்றும் யோசித்தேன், ஆனால் காந்தம் பாதையில் இருக்கிறது, கம்பியில் இல்லை. கழற்று என்ற வினை ஐயா சொன்னபடி ரயில்வேயில் ஏற்கெனவே புழங்குவது. வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது.

கையேட்டில் சேரும் வரி இது: ‘கழற்றுகம்பியின் நுனி தண்டவாளத்தின் மேற்பரப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பாதை பிரியும் இடங்களில் தண்டவாளத்தில் சிக்கி, கொளுவியையே உடைத்துவிடும். அளவுக்கட்டையில் அதற்கென்று ஒரு படி வெட்டியிருக்கும். கம்பி அந்தப் படியில் உரசினால், நுனியை இடுக்கியால் சிறிது மேலே வளைத்து மீண்டும் அளந்து பாருங்கள். காந்தத்தால் கழற்றும் எண்ணமே இல்லாதவர்கள் கம்பியை வெட்டிவிடலாம், கொளுவுவதற்கு அது தேவையில்லை.’

தண்டை நடுவுக்குத் திருப்பும் வில்லுக்கு மட்டும் இன்னும் சொல் முடிவாகவில்லை. ‘நடுநிறுத்து வில்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடக் குறுகியது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். படங்களோடு முழுப் பகுதியையும் அடுத்த மடலில் அனுப்புகிறேன். சென்னை ஐயா திருகுக் கொளுவியின் படத்தைச் சரிபார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.